அழாமல் பிறந்த குழந்தைகள்

குழந்தை பிறந்ததும் அழ வேண்டும்.

அந்த அழுகையைக் கேட்கத்தான் பிரசவ அறைக்கு வெளியே தகப்பன் காத்து நிற்கிறான். பாட்டி, குலதெய்வத்தை வேண்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். "குவா, குவா" என்ற சத்தம் கேட்டதும் எல்லோர் முகமும் மலர்கிறது. ஒரு குரல் அழ, பத்துப் பேர் சிரிக்கும் இடம் உலகத்தில் அது ஒன்றுதான்!

ஆனால், சில குழந்தைகள் அழுவதில்லை.

மாதக்கணக்கில் வயிற்றுக்குள் உதைத்து விளையாடிய குழந்தை, உயிர் இல்லாமல் வெளியே வருகிறது. கை இருக்கிறது, கால் இருக்கிறது, அப்பாவின் மூக்கும், அம்மாவின் நெற்றியும் இருக்கின்றன. மூச்சு மட்டும் இல்லை.

இப்படி இறந்தே பிறக்கும் குழந்தைகள் உலகம் முழுவதிலும் எத்தனை தெரியுமா? 2021-ஆம் ஆண்டில் மட்டும் சுமார் 19 லட்சம் என்று ஐக்கிய நாடுகள் சபையின் நிபுணர் குழு மதிப்பிட்டிருக்கிறது. சுமார் 17 வினாடிக்கு ஒரு குழந்தை!

இந்தக் குழந்தைகளை எந்தக் கணக்கில் எழுதுவது? பிறப்புக் கணக்கிலா? இறப்புக் கணக்கிலா?

"இரண்டிலும் வேண்டாம்" என்று நெடுங்காலம் பல நாடுகள் விட்டுவிட்டன. கணக்கில் எழுதாததால் காரணம் தெரியவில்லை. காரணம் தெரியாததால் தடுக்கவும் முடியவில்லை. பழி மட்டும் தாயின் தலையில் விழுந்தது.

இந்த நிலை எப்படி மாறியது? இங்கிலாந்தின் கதையைப் பார்த்தால் புரியும்.

90 ஆண்டு தாமதம்

இங்கிலாந்திலும் வேல்சிலும் பிறப்பு, இறப்புகளைச் சர்க்கார் ரிஜிஸ்தரில் பதியும் முறை 1837-ஆம் ஆண்டு ஜூலை 1-ந் தேதி தொடங்கியது. இறந்தே பிறக்கும் குழந்தைகளைப் பதியும் முறை எப்போது வந்தது? 1927-ஆம் ஆண்டு ஜூலை 1-ந் தேதி!

சரியாக 90 ஆண்டுகள், ஒரு நாள் கூடக் குறையாமல்!

அந்த நாட்டில் அப்போது நாய் வளர்ப்பதற்குக் கூட லைசென்சு வாங்க வேண்டியிருந்தது. ஆனால், ஒரு தாய் சுமந்து பெற்ற குழந்தைக்கு, அது மூச்சு விடவில்லை என்ற ஒரே காரணத்தால், பதிவுப் புத்தகத்தில் ஒரு வரி கிடையாது. அது பிறந்ததும் இல்லை, இறந்ததும் இல்லை!

இதனால் ஒரு பெரிய ஆபத்தும் இருந்தது.

உயிரோடு பிறந்த குழந்தையைக் கொன்றுவிட்டு, "இறந்தே பிறந்தது" என்று சொல்லிப் புதைத்துவிட்டால் யார் கேட்பது? வறுமைக்குப் பயந்தவர்கள் உண்டு. ஊர் வாய்க்குப் பயந்தவர்கள் உண்டு. இப்படிச் சில குழந்தைகள் கொல்லப்படுகின்றன என்ற சந்தேகம் நாட்டில் பரவியது.

1874-ஆம் ஆண்டு ஒரு சட்டம் வந்தது. டாக்டர் எழுதிக் கொடுத்தால்தான், இறந்தே பிறந்த குழந்தையைப் புதைக்கலாம் என்றது சட்டம். ஆனால், பிரசவத்தின்போது டாக்டர் யாரும் இல்லையென்றால்? வீட்டார் "குழந்தை இறந்தே பிறந்தது" என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் போதும். பெரிய ஓட்டை!

வேறு ஒருவருடைய சவப்பெட்டிக்குள் இந்தக் குழந்தையையும் வைத்துப் புதைக்கும் வழக்கம் அப்போது இருந்தது. அப்படி வைத்தால் அதை எழுதித் தெரிவிக்க வேண்டும் என்றும் அந்தச் சட்டம் சொன்னது.

சட்டம் பார்த்தது குற்றத்தைத்தான். "இந்தக் குழந்தை ஏன் இறந்தது?" என்ற கேள்வியை அது கேட்கவில்லை.

1893-ல் பார்லிமெண்டு கமிட்டி ஒன்று, "இந்தக் குழந்தைகளையும் பதிய வேண்டும்" என்று சிபாரிசு செய்தது. அதற்குப் பின்னும் 30 ஆண்டுகளுக்கு மேல் காகிதம் அலமாரியில் தூங்கியது. கடைசியில் 1926-ல் சட்டம் நிறைவேறி, அடுத்த ஆண்டு அமலுக்கு வந்தது.

28 வாரக் கர்ப்பத்திற்குப் பிறகு, மூச்சோ வேறு உயிர்க்குறியோ இல்லாமல் பிறக்கும் குழந்தையைப் பதிந்தே ஆக வேண்டும் என்று அந்தச் சட்டம் கூறியது. ஸ்காட்லாந்து 1939-லும், வட அயர்லாந்து 1961-லும் இந்த வழிக்கு வந்தன.

கணக்கு எடுத்ததும் நாடு திடுக்கிட்டது!

ஆயிரம் குழந்தைகள் பிறந்தால் சுமார் 40 குழந்தைகள் உயிரற்றுப் பிறந்தன. அதாவது, 25 பிரசவத்துக்கு ஒன்று! ஒரு சிறு தெருவில் 25 வீடு இருந்தால், ஒரு வீட்டில் காலித் தொட்டில்!

குண்டு விழுந்தது, சாவு குறைந்தது!

ரிஜிஸ்தர் வந்ததால் என்ன லாபம்? 20 ஆண்டுகளுக்குள் அதற்கு விடை கிடைத்தது.

1939-ல் இரண்டாவது உலகப்போர் மூண்டது. லண்டன் நகரின் மீது ஜெர்மன் விமானங்கள் குண்டு மாரி பொழிந்தன. கர்ப்பிணிப் பெண்கள் இரவெல்லாம் சுரங்க ரெயில் நிலையங்களில் படுத்துக் கிடந்தார்கள். வெண்ணெய்க்கு ரேஷன், இறைச்சிக்கு ரேஷன், சர்க்கரைக்கு ரேஷன்.

இந்த நிலையில் இறந்தே பிறக்கும் குழந்தைகளின் எண்ணிக்கை கூடியிருக்க வேண்டும் அல்லவா?

நேர்மாறாக நடந்தது! 1939-ல் ஆயிரத்துக்கு 38 ஆக இருந்த எண்ணிக்கை, 1945-ல் ஆயிரத்துக்கு சுமார் 28 ஆகக் குறைந்துவிட்டது.

என்ன மாயம் இது?

மாயம் இல்லை, பால்! 1940-ல் சர்க்கார் ஒரு திட்டம் கொண்டு வந்தது. கர்ப்பிணிகளுக்கும் சிறு குழந்தைகளுக்கும் தினம் ஒரு பைண்டு பால் (அரை லிட்டருக்குச் சற்று அதிகம்) மலிவு விலையில் கிடைத்தது. ஏழைகளுக்கு இலவசம். பின்னர் ஆரஞ்சுச் சாறும், மீன் எண்ணெயும் சேர்த்துக் கொடுத்தார்கள். ரேஷனிலும் கர்ப்பிணிக்குத்தான் முதல் இடம்.

போருக்கு முன் பணக்கார வீட்டுப் பெண்ணுக்குப் பால் இருந்தது. ஏழை வீட்டுப் பெண், இருப்பதைப் புருஷனுக்கும் பிள்ளைகளுக்கும் போட்டுவிட்டு, தான் வெறும் டீயும் ரொட்டியும் தின்றாள். போர்க்காலத்தில் அவளுக்கென்று ஒரு பங்கு வந்தது. சாவு குறைந்ததற்கு இந்த உணவு முக்கிய காரணம் என்று கணக்கை ஆராய்ந்தவர்கள் கருதினார்கள்.

இறந்தே பிறப்பது "விதி" என்று எண்ணியிருந்த நாடு, அந்த விதியில் வறுமைக்கும் பங்கு உண்டு என்பதை அன்று தெரிந்துகொண்டது. ரிஜிஸ்தர் இல்லாமல் இருந்தால் இது யாருக்குமே தெரிந்திருக்காது.

ஒரே வாரத்தில் 17 ஆயிரம்

போர் முடிந்தது. எண்ணிக்கை மேலும் குறைந்து வந்து, ஒரு கட்டத்தில் அப்படியே நின்றுவிட்டது. 1950-ல் ஆயிரத்துக்கு 23. எட்டு ஆண்டு கழித்தும் 20-க்கு மேல்தான்!

"ஏன் குறையவில்லை?" என்று கண்டுபிடிக்க டாக்டர்கள் ஒரு துணிச்சலான காரியம் செய்தார்கள்.

1958-ஆம் ஆண்டு மார்ச் 3-ந் தேதி முதல் 9-ந் தேதி வரை, இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்து ஆகியவற்றில் பிறந்த குழந்தைகள் எல்லாவற்றையும் பற்றிக் கணக்கு எடுத்தார்கள். அந்த ஒரு வாரத்தில் பிறந்தவை சுமார் 17 ஆயிரம்! அத்துடன், மார்ச், ஏப்ரல், மே ஆகிய மூன்று மாதங்களில் இறந்தே பிறந்த குழந்தைகள், பிறந்து சில நாளில் இறந்த குழந்தைகள் ஆகியோர் விவரத்தையும் திரட்டினார்கள்.

நெவில் பட்லர் என்ற குழந்தை மருத்துவர் இந்த வேலையை நடத்தினார். மருத்துவச்சிகள் தாய்மாரிடம் கேள்விகளைக் கேட்டு எழுதிக்கொண்டார்கள். தாயின் வயது என்ன? உயரம் என்ன? எத்தனையாவது பிரசவம்? ரத்த அழுத்தம் எவ்வளவு? பிரசவம் வீட்டிலா, ஆஸ்பத்திரியிலா? சிகரெட் பிடிப்பது உண்டா?

கடைசிக் கேள்விதான் பெரிய உண்மையை வெளிப்படுத்தியது. கர்ப்ப காலத்தில் சிகரெட் பிடித்த தாய்மாரின் குழந்தைகள் எடை குறைந்து பிறந்தன. அவற்றில் சாவும் அதிகமாக இருந்தது. கர்ப்பிணி புகை பிடிக்கக் கூடாது என்ற எச்சரிக்கைக்கு இந்தக் கணக்கு பெரிய பலம் தந்தது.

ஆபத்து அதிகம் உள்ள தாய்மார் பலர், வசதி இல்லாத இடத்தில் பிரசவத்துக்கு விடப்பட்டதும் தெரிய வந்தது. ரத்த அழுத்தம் கூடுவது எவ்வளவு அபாயம் என்பதும், நாள் கடந்தும் பிரசவம் ஆகாமல் இருந்தால் கவனிக்க வேண்டும் என்பதும் எண்களோடு நிரூபணம் ஆயின.

1960 முதல், இறந்தே பிறந்த குழந்தையின் பதிவில் சாவுக்குக் காரணத்தையும் எழுதும் முறை வந்தது.

இதோ, அந்தக் கணக்கு இறங்கிய விதத்தைப் பாருங்கள். ஆயிரத்துக்கு, 1928-ல் 40, 1960-ல் 20, 1970-ல் 13, 1980-ல் 7.

கணவன் ரத்தம் தந்த உண்மை

ஒரே ஒரு தாயின் துயரத்தைக் கவனமாகக் குறித்து வைத்ததால் உலகத்துக்குக் கிடைத்த நன்மையும் ஒன்று உண்டு. இது அமெரிக்காவில் நடந்தது.

ஒரு பெண்ணுக்குக் குழந்தை இறந்தே பிறந்தது. அவளுக்கு ரத்தம் தேவைப்பட்டது. கணவனுக்கும் அவளுக்கும் ஒரே வகை ரத்தம் என்று சோதித்துப் பார்த்து, அவன் ரத்தத்தை ஏற்றினார்கள். உடனே அவளுக்கு ஆபத்தான நடுக்கம் கண்டது! ஒரே வகை ரத்தம் ஏன் ஒத்துக்கொள்ளவில்லை?

பிலிப் லெவின், ரூபஸ் ஸ்டெட்சன் என்ற இரு டாக்டர்கள் இதை ஆராய்ந்து 1939-ல் வெளியிட்டார்கள். குழந்தை தன் தகப்பனிடம் இருந்து பெற்ற ஏதோ ஒரு பொருள், தாயின் ரத்தத்தில் எதிர்ப்பை உண்டாக்கியிருக்கிறது என்று அவர்கள் கூறினார்கள். அந்தப் பொருளைத்தான் இன்று "ஆர்.எச்." என்கிறோம்.

தாய்க்கு ஆர்.எச். நெகட்டிவ், குழந்தைக்குப் பாசிட்டிவ். இப்படி இருந்தால் முதல் குழந்தை பெரும்பாலும் தப்பிவிடும். அடுத்த குழந்தையின் ரத்த அணுக்களைத் தாயின் உடலே அழிக்கத் தொடங்கும். ஒவ்வொரு பிரசவமாகக் குழந்தையை இழந்து, "இவளுக்குப் பிள்ளை பாக்கியம் இல்லை" என்று பழி சுமந்த பெண்கள் எத்தனையோ பேர்.

இங்கிலாந்தில் லிவர்பூல் நகரிலும், அமெரிக்காவில் நியூயார்க்கிலும் டாக்டர்கள் இதற்கு மாற்று தேடினார்கள். 1968-ல் "ஆன்ட்டி-டி" என்ற ஊசி மருந்து பழக்கத்துக்கு வந்தது. உரிய காலத்தில் போட்டால் போதும். அடுத்த குழந்தை தப்பும்.

இன்று கர்ப்பிணியிடம் முதல் தடவையே ரத்த வகை சோதிக்கிறார்களே, அது இதற்காகத்தான்.

"பார்க்காதே, மறந்துவிடு"

கணக்கு வந்தது, மருந்தும் வந்தது. ஆனால், குழந்தையை இழந்த தாயின் மனத்தை யாரும் நினைக்கவில்லை.

1970-ஆம் ஆண்டுகள் வரையில் பல ஆஸ்பத்திரிகளில் ஒரு வழக்கம் இருந்தது. குழந்தை இறந்தே பிறந்தால், நர்சு அதை உடனே துணியில் சுற்றி வெளியே எடுத்துப் போய்விடுவாள். தாய்க்குக் காட்ட மாட்டார்கள். தாய் மயக்கத்தில் இருந்தால் இன்னும் நல்லது என்று எண்ணினார்கள்.

"நீ பார்க்க வேண்டாம். வீட்டுக்குப் போ. சீக்கிரம் இன்னொரு குழந்தை பெற்றுக்கொள். இதை மறந்துவிடு!"

இது கொடுமை என்று அவர்கள் நினைக்கவில்லை. கருணை என்றே நினைத்தார்கள்!

அடக்கம் செய்வதையும் ஆஸ்பத்திரியே பார்த்துக்கொண்டது. பல குழந்தைகளை ஒரே குழியில் புதைத்தார்கள். முன்பின் தெரியாத பெரியவர்களின் சவப்பெட்டியோடு சேர்த்தும் புதைத்தார்கள். எந்தக் கல்லறை, எந்த வரிசை என்று தாய்க்குச் சொல்லவில்லை. அவளும் கேட்கத் துணியவில்லை.

அந்தத் தாய்மார் மறந்தார்களா?

மறக்கவில்லை! ஐம்பது ஆண்டு கழித்து, பேரன் பேத்தி எடுத்த பிறகு, "என் பிள்ளையை எங்கே வைத்தீர்கள்?" என்று கேட்டுக் கல்லறை அலுவலகங்களின் கதவைத் தட்டியவர்கள் உண்டு. பழைய அடக்கப் புத்தகத்தில் குடும்பப் பெயரும் தேதியும் எழுதியிருந்தால், இடம் கண்டுபிடிக்கப்பட்டது. எண்பது வயதில், ஒரு புல்தரையின் முன் நின்று முதல் தடவையாகப் பூ வைத்தாள் தாய். எழுதி வைக்காத இடத்தில், அந்த ஆறுதலும் இல்லை.

ஒரு கணக்குப் புத்தகம் இப்படியும் பயன்படும்!

பத்திரிகையில் வந்த கட்டுரை

இந்த மௌனத்தை உடைத்தவர்களில் ஒருவர் பெல் மூனி என்ற பெண் எழுத்தாளர். 1975 நவம்பரில் அவருடைய ஆண் குழந்தை இறந்தே பிறந்தது. சில வாரங்களில், 1976 ஜனவரியில், தன் அனுபவத்தை "கார்டியன்" பத்திரிகையில் எழுதினார்.

கடிதங்கள் குவிந்தன. "எனக்கும் இப்படித்தான் நடந்தது, இதுவரை யாரிடமும் சொன்னதில்லை" என்று பெண்கள் மனம் திறந்தார்கள்.

அதே 1976-ல் இமானுவேல் லூயிஸ் என்ற மனநல டாக்டர், "குழந்தையைத் தாய்க்குக் காட்டாமல் மறைப்பது அவள் துயரத்தை ஆற்றாது, சிக்கலாக்கும்" என்ற கருத்தை மருத்துவப் பத்திரிகையில் எழுதினார். துக்கப்படுவதற்கு ஓர் உருவம் வேண்டும்; ஒரு பெயர் வேண்டும்; ஒரு நினைவு வேண்டும் என்பது அவர் வாதம்.

1978-ல் பெல் மூனியும், ஹேசலன் லூயிஸ் என்ற மாதும் சேர்ந்து, குழந்தையை இழந்த பெற்றோருக்காக ஒரு சங்கம் தொடங்கினார்கள். "சாண்ட்ஸ்" என்ற பெயரில் இன்றும் அது நடந்து வருகிறது.

பிறகு மாறுதல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. குழந்தையின் பெயரைப் பதிவில் எழுதலாம் என்று ஆயிற்று. குழந்தையைத் தாய் மடியில் வைத்துக்கொள்ளலாமா, வேண்டாமா என்பதை அவளே தீர்மானிக்கலாம் என்று ஆயிற்று. புகைப்படம், கால் பதிவு, ஒரு சுருள் தலைமயிர் ஆகியவற்றை எடுத்துக் கொடுக்கிறார்கள்.

1992-ல் சட்டம் திருத்தப்பட்டது. 28 வாரம் என்ற எல்லை, 24 வாரம் ஆயிற்று. அதற்கு முன், 27 வாரத்தில் பிறந்த குழந்தை சட்டத்தின் கண்ணில் "கருச்சிதைவு"தான். ஒரு வார வித்தியாசத்தில், ஒரு தாய்க்குச் சான்றிதழ் உண்டு. பக்கத்துக் கட்டில் தாய்க்கு இல்லை! 24 வாரத்துக்கு முன்பே குழந்தையை இழந்தவர்களும் விரும்பினால் ஒரு சான்றிதழ் பெறலாம் என்ற ஏற்பாடு, இங்கிலாந்தில் 2024 பிப்ரவரியில் வந்தது.

ஆராய்ச்சி சொன்ன அதிர்ச்சி

விழிப்பு ஏற்பட்டால் போதுமா? ஆராய்ச்சியும் வேண்டும் என்பதற்கு இரண்டு உதாரணம்.

நியூசிலாந்தில் ஆக்லாந்து நகர ஆராய்ச்சியாளர்கள், குழந்தையை இழந்த தாய்மாரிடம், "கடைசி இரவு எந்தப் பக்கம் படுத்துத் தூங்கினீர்கள்?" என்று கேட்டார்கள். கேட்பதற்குச் சாதாரணக் கேள்விதான். ஆனால், 2011-ல் வெளிவந்த அந்த ஆராய்ச்சி ஒரு தடயத்தைக் காட்டியது. கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் மல்லாந்து படுத்தால், வயிற்றின் கனம் பெரிய ரத்தக்குழாய்களை அழுத்துகிறது. குழந்தைக்குப் போகும் ரத்தம் குறைகிறது. பிறகு வேறு நாடுகளிலும் ஆராய்ந்து, 28 வாரத்துக்குப் பின் ஒருக்களித்துப் படுத்துத் தூங்குவதே நல்லது என்று கூறினார்கள்.

நம் வீட்டுப் பாட்டிமார், "மல்லாந்து படுக்காதே, ஒருக்களித்துப் படு" என்று பிள்ளைத்தாய்ச்சிகளிடம் சொல்வது உண்டு அல்லவா?

இன்னொன்று, இதற்கு மாறானது. குழந்தையின் அசைவு குறைந்தால் தாய் உடனே ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும் என்று எல்லோருக்கும் சொல்லிக் கொடுத்தால் சாவு வெகுவாகக் குறையும் என்று டாக்டர்கள் நம்பினார்கள். பிரிட்டனிலும் அயர்லாந்திலும் 33 ஆஸ்பத்திரிகளில், 4 லட்சத்துக்கும் மேற்பட்ட கர்ப்பங்களில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். 2018-ல் முடிவு வந்தது. எதிர்பார்த்த அளவு சாவு குறையவில்லை!

அப்படியானால் அசைவைக் கவனிக்க வேண்டாமா? கட்டாயம் கவனிக்க வேண்டும். அசைவு குறைவது ஆபத்தின் அறிகுறி என்பதில் மாற்றம் இல்லை. ஆனால், தாய் ஓடி வந்த பிறகு டாக்டர்கள் என்ன செய்ய வேண்டும், எந்தக் குழந்தையை உடனே எடுக்க வேண்டும், எதை விட்டுவைக்கலாம் என்பதில் இன்னும் ஆராய்ச்சி தேவை என்பது தெளிவாயிற்று. நல்ல எண்ணம் மட்டும் போதாது. அளந்து பார்க்க வேண்டும் என்பதே பாடம்.

இங்கிலாந்திலும் வேலை முடிந்துவிடவில்லை. 2010-ல் ஆயிரத்துக்கு 5.1 ஆக இருந்த எண்ணிக்கையை 2025-க்குள் பாதியாக்குவோம் என்று சர்க்கார் உறுதி கூறியது. 2020-ல் 3.8 வரை இறங்கியது. 2021-ல் மீண்டும் 4-ஐத் தாண்டியது.

உலகம் மறந்த கணக்கு

2000-ஆம் ஆண்டில் உலக நாடுகள் கூடி, வறுமை, நோய், சிசு மரணம் முதலியவற்றைக் குறைக்க இலட்சியங்களை வகுத்தன. அவற்றில், இறந்தே பிறக்கும் குழந்தைகளைப் பற்றி ஒரு சொல் இல்லை! 2015-ல் வகுத்த இலட்சியங்களிலும் இல்லை.

"லான்செட்" என்ற மருத்துவப் பத்திரிகை 2011-ல் தொடர் கட்டுரைகள் வெளியிட்ட பிறகே உலகம் இந்தப் பக்கம் திரும்பியது. ஐக்கிய நாடுகள் சபையின் நிபுணர் குழு 2020-ல்தான் இதைப் பற்றித் தன் முதல் அறிக்கையை வெளியிட்டது.

அந்த அறிக்கை நெஞ்சை உலுக்குகிறது. இறந்தே பிறக்கும் குழந்தைகளில் 40 சதவீதத்துக்கும் மேல், பிரசவ வலி தொடங்கிய பிறகு இறந்தவை! அதாவது, வலி எடுக்கும்போது அந்தக் குழந்தைகள் உயிரோடு இருந்தன. அருகில் தேர்ந்த நர்சு இருந்து, நாடித்துடிப்பைக் கேட்டு, வேண்டிய நேரத்தில் ஆபரேஷன் செய்ய வசதி இருந்திருந்தால், பெரும்பாலானவை பிழைத்திருக்கும்.

கணக்கு எடுப்பதிலும் நாட்டுக்கு நாடு வித்தியாசம். அமெரிக்காவில் 20 வாரம் முதல் எண்ணுகிறார்கள். பிரிட்டனில் 24 வாரம். உலக ஒப்பீட்டுக்கு 28 வாரம். முழம் வேறு வேறாக இருந்தால், துணியை எப்படி ஒப்பிடுவது?

நம் நாட்டில்

உலகில் இறந்தே பிறக்கும் குழந்தைகளில் பாதி, ஆறே நாடுகளில் பிறக்கின்றன என்று 2020 அறிக்கை கூறியது. அந்த ஆறில் இந்தியா ஒன்று. 2019-ல் இந்தியாவில் சுமார் 3 லட்சத்து 40 ஆயிரம் என்பது மதிப்பீடு. எந்த நாட்டையும் விட இது அதிகம்.

சட்டத்தில் நாம் பின்தங்கவில்லை. 1969-ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம், "பிறப்பு" என்ற சொல்லுக்கே "உயிருடன் பிறப்பதும், இறந்தே பிறப்பதும்" என்று பொருள் கூறுகிறது. இதற்கென்று தனிப் படிவம் உண்டு. தாயின் வயது, படிப்பு, எத்தனை வாரக் கர்ப்பம், பிரசவம் பார்த்தது யார், சாவுக்குக் காரணம் என்ன என்ற கேள்விகள் அதில் இருக்கின்றன. 1961-ஆம் ஆண்டின் மகப்பேறு சலுகைச் சட்டமும், "குழந்தை" என்ற சொல்லில் இறந்தே பிறந்த குழந்தையையும் சேர்த்திருந்தது.

2014-ல் மத்திய சர்க்கார் ஒரு திட்டம் வகுத்தது. 2030-க்குள் இந்த எண்ணிக்கையை ஆயிரத்துக்குப் பத்துக்குக் கீழே கொண்டுவர வேண்டும் என்பது இலட்சியம். குழந்தை இறந்தே பிறந்தாலோ, பிறந்த உடனே இறந்தாலோ, மத்திய சர்க்காரில் வேலை பார்க்கும் பெண்களுக்கு 60 நாள் விசேஷ லீவு கொடுக்க 2022 செப்டம்பரில் உத்தரவு வந்தது.

ஆனால், படிவம் இருந்தால் போதாது. அதை நிரப்ப வேண்டும். "குழந்தையே போய்விட்டது, இனி எதற்குப் பதிவு?" என்று வீட்டார் நினைக்கிறார்கள். "காரணம்" என்ற இடத்தில் "தெரியவில்லை" என்று எழுதிவிட்டுப் போவது சுலபம். அந்த ஒரு சொல்லோடு, அடுத்த குழந்தையைக் காப்பாற்றும் வழியும் அடைபட்டுப் போகிறது.

என்ன செய்ய வேண்டும்?

டாக்டர்கள் கூறும் யோசனைகள் எளியவை.

கர்ப்பம் என்று தெரிந்ததும் ஆஸ்பத்திரியில் பதிந்துகொள்ள வேண்டும். ரத்த அழுத்தம், சர்க்கரை, ரத்த சோகை, ரத்த வகை, மேக நோய் ஆகிய சோதனைகளைத் தவறவிடக் கூடாது. மேக நோய் குழந்தையைக் கொல்லும். ஆனால், காலத்தோடு கண்டுபிடித்தால் பென்சிலின் ஊசியில் குணமாகும்.

குழந்தையின் அசைவு வழக்கத்தை விடக் குறைந்தால், "நாளைக்குப் பார்க்கலாம்" என்று இருக்கக் கூடாது. நடு இரவானாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ரத்தப்போக்கு, கடும் தலைவலி, கண் மங்குதல், முகமும் கையும் திடீரென்று வீங்குதல், காய்ச்சல், வலி வருமுன் நீர்க்குடம் உடைதல் ஆகியவையும் அப்படித்தான்.

புகையும் மதுவும் கூடாது. வீட்டில் மற்றவர் விடும் புகையும் கெடுதல்.

துரதிர்ஷ்டவசமாகக் குழந்தை இறந்து பிறந்தால், நஞ்சுக்கொடியைச் சோதிக்கச் சொல்லுங்கள். காரணத்தை எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த கர்ப்பத்தில் டாக்டரிடம் அந்தக் காகிதத்தைக் காட்டினால், அவர் முன்கூட்டியே எச்சரிக்கையாக இருப்பார்.

எல்லாம் சரியாகச் செய்தும் சில குழந்தைகள் இறப்பது உண்டு. முன்னேறிய நாடுகளிலும் பலவற்றுக்குக் காரணம் விளங்குவதில்லை.

ஆகவே, கடைசியாக ஒன்று. அந்தத் தாயிடம், "என்ன தின்றாய்? எங்கே போனாய்? கிரகணத்தில் வெளியே வந்தாயா?" என்று குறுக்கு விசாரணை செய்யாதீர்கள். "உன் ராசி அப்படி" என்று சொல்லாதீர்கள். பால் கட்டிய மார்போடும், வெறும் கையோடும் வீடு திரும்பியிருக்கிறாள் அவள். குழந்தைக்கு என்ன பெயர் வைக்க நினைத்திருந்தாள் என்று கேளுங்கள்.

அவள் சொல்வாள்.